மலிவான டேட்டாவா, வேகமான டேட்டாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் டேட்டா பற்றி யாரிடம் பேசினாலும் கடைசியில் இரண்டு புகார்களில் ஒன்று வந்துவிடும். ரீசார்ஜ் செலவு கட்டுப்படியாகவில்லை என்பார்கள், அல்லது நெட் நகரவே மாட்டேன் என்கிறது என்பார்கள். முதல் புகாருக்கு மலிவான பேக், இரண்டாவதற்கு வேகமான பேக் என்று சந்தையில் தனித்தனி மருந்து வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மக்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள்? குறைந்த விலையையா, கூடுதல் வேகத்தையா?

ஒருவர் நெட்டுக்குப் புதிதாக வரும்போது விலைதான் முதல் கேள்வி. மாத வருமானத்தில் இதற்கென்று ஒதுக்க முடிந்தது கொஞ்சம்தான் என்றால், வினாடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்று விசாரிக்கும் நிலையிலேயே அவர் இல்லை. செய்தி போக வேண்டும், பணம் அனுப்ப வேண்டும், பிள்ளைக்குப் பாடம் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களின் புகார் மாறிவிடுகிறது. ஆனால் அவர்கள் வாயால் ‘வேகம் போதவில்லை’ என்று சொன்னாலும், கூர்ந்து கேட்டால் வேறு விஷயம் தெரியும். ‘பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது’, ‘பணம் அனுப்பும்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது, போனதா இல்லையா என்றே தெரியவில்லை’, ‘வீட்டுக்குள் வந்தால் சிக்னல் இல்லை.’ இவை எல்லாமே நம்பகத்தன்மை பற்றிய புகார்கள். அதிகபட்ச வேகத்தை நூறிலிருந்து முந்நூறு மெகாபிட்டாக உயர்த்திக் கொடுத்தாலும் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

அதனால் என் கணிப்பு இதுதான்: பெரும்பாலானோர் கேட்பது, எந்த நேரத்திலும் கீழே போகாத ஒரு மிதமான வேகம். அதை எம்பி எம்பியாக எண்ணிப் பயப்படாமல் பயன்படுத்தக்கூடிய விலையில் கேட்கிறார்கள். விளம்பரங்களோ உச்ச வேகத்தைப் பற்றியே பேசுகின்றன.

அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு வேகம் போதும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு.

குரல் அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய 4ஜி அழைப்புகளில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு வினாடிக்கு 24 கிலோபிட்டுக்குள் போதும். ஒரு மெகாபிட் வேகத்தில் நாற்பதில் ஒரு பங்கு அது. எழுத்துச் செய்தி, பணப் பரிமாற்றம், டிக்கெட் பதிவு எல்லாம் சில கிலோபைட்டுகளில் முடிகிற வேலைகள். கனமான ஆப்தான் அவற்றைக் கனமாக்குகிறது.

வீடியோதான் பெரிய தீனிக்காரன். உலகத்தில் மொபைல் வழியே ஓடும் டேட்டாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வீடியோ. அதிலும் தரத்தைப் பொறுத்துத் தேவை வெகுவாக மாறுகிறது. யூடியூப் தன் பயனர்களுக்குச் சொல்லும் அளவுகள் இவை: 360பி தரத்துக்கு வினாடிக்கு 0.7 மெகாபிட், 480பி-க்கு 1.1, 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 20. உள்ளங்கை அளவுத் திரையில் 480பி-யையும் 1080பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஆனால் பாடம் கேட்கவோ செய்தி பார்க்கவோ அந்த வித்தியாசம் தேவையா என்று ஒருமுறை யோசிக்கலாம். இருவர் மட்டும் பேசும் வீடியோ அழைப்புக்கு ஒன்று அல்லது ஒன்றரை மெகாபிட் கிடைத்தால் போதும். அது போகிற திசையிலும் வருகிற திசையிலும் கிடைக்க வேண்டும்.

ஆக, ஒரு போனில் ஒருவர் செய்யும் வேலைக்கு 5 மெகாபிட் நிலையாக வந்தால் ஏறக்குறைய எல்லாமே நடக்கும். ‘நிலையாக’ என்ற சொல்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

மெகாபிட், மெகாபைட் இரண்டும் ஒன்றா?

இல்லை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், பேக்கின் அளவை பைட்டில் சொல்கிறார்கள். வினாடிக்கு 8 மெகாபிட் வேகம் என்றால் வினாடிக்கு 1 மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாததால்தான் ‘100 என்று சொன்னார்கள், 12தான் வருகிறது’ என்ற சண்டைகளில் பாதி நடக்கிறது.

வேகமான பேக்குக்கு மாறிய பிறகு டேட்டா சீக்கிரம் தீர்ந்துபோகிறதே, ஏன்?

வீடியோ ஆப்கள் இணைப்பின் வேகத்தை அளந்து, அதற்கேற்பத் தரத்தைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். வேகம் குறைவாக இருந்தபோது 480பி-யில் ஓடிய அதே வீடியோ, வேகம் கூடியதும் 1080பி-க்குத் தாவிவிடும். நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனால் செலவு மாறிவிட்டது. 480பி-யில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி போகும். 1080பி-யில் 2 ஜிபிக்கு மேல். 4கே என்றால் 9 ஜிபி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 1 ஜிபி தீர இரண்டேகால் மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் வேகத்தில் 80 வினாடி. குழாய் பெரிதாகி, தொட்டி மட்டும் அதே அளவில் இருந்தால் என்ன ஆகும்? அதுதான். சிறிய அளவு டேட்டாவோடு பெரிய வேகத்தைச் சேர்த்து விற்கும் பேக்குகளை அதனால்தான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். அவற்றில் வேகத்தைப் பயன்படுத்த முயன்றாலே பேக் காலி.

வேகச் சோதனையில் நல்ல எண் வருகிறது. ஆனால் பக்கங்கள் மெதுவாகத்தான் திறக்கின்றன. எப்படி?

வேகச் சோதனை பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பை இடைவிடாமல் இழுத்துப் பார்க்கிறது. ஒரு இணையப் பக்கம் அப்படி வருவதில்லை. முதலில் தளத்தின் முகவரி என்ன என்று கேட்க வேண்டும். பிறகு அந்தச் சர்வரோடு கைகுலுக்க வேண்டும். அப்புறம் பாதுகாப்புக்கான பேச்சுவார்த்தை. அதன்பிறகுதான் பக்கம் வரத் தொடங்கும். வந்ததும் படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள் என்று டஜன் கணக்கில் தனித்தனிக் கோரிக்கைகள் கிளம்பும். ஒவ்வொன்றும் ஒருமுறை போய்வர ஆகும் நேரம்தான் இங்கே ஆட்சி செய்கிறது. அதைத் தாமதம் என்கிறோம்.

2010-ல் கூகுளில் பொறியாளராக இருந்த மைக் பெல்ஷி இதை அளந்து காட்டினார். இணைப்பின் வேகத்தை 5 மெகாபிட்டிலிருந்து 10 ஆக இரட்டிப்பாக்கியபோது, பக்கம் திறக்கும் நேரம் 5 சதவீத அளவுக்குத்தான் குறைந்தது. தாமதத்தைக் குறைத்தபோதோ, குறைத்த அளவுக்கேற்பப் பக்கமும் சீராக விரைவாகிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் பலமடங்கு கனத்துவிட்டதால் அந்த 5 என்ற எண்ணை இன்றைக்கு அப்படியே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பாடம் மாறவில்லை. பாதுகாப்புப் பேச்சுவார்த்தைக்கு 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3, டேட்டாவைக் கொண்டுசெல்ல 2021-ல் தரப்படுத்தப்பட்ட குவிக் ஆகிய நெறிமுறைகள் இந்தப் போய்வரும் நடைகளைக் குறைப்பதையும் நோக்கமாக வைத்து உருவாக்கப்பட்டவை.

பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே இணைப்பு எடுத்தவர்களுக்கு இது கைப்பட்ட அனுபவமாக இருக்கும். வேகம் எவ்வளவு இருந்தாலும், ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும். ஒளியே ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மாலை நேரத்தில் மட்டும் நெட் படுத்துவிடுகிறதே?

கம்பி இணைப்பு மாதிரி மொபைல் இணைப்பு உங்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது கிடையாது. ஒரு டவரின் ஒரு பக்கத்துக்கு இருக்கும் மொத்தக் கொள்ளளவை அந்த நேரத்தில் அங்கே இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வேலை முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் நேரத்தில் பங்கு சுருங்குகிறது. டவரிலிருந்து தள்ளி இருப்பவர்களும் சுவருக்குள் இருப்பவர்களும் இரட்டிப்பாகப் பாதிக்கப்படுவார்கள். சிக்னல் பலவீனமானால் அதே டேட்டாவை அனுப்ப டவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

எனக்கே நடந்தது இது. அம்மாவோடு வீடியோ அழைப்பில் பேசும்போது ஏழு, எட்டு மணிக்கு அவர் முகம் உறைந்து நின்றுவிடும். குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். வேகம் அதிகமுள்ள பேக்குக்கு மாறினேன். முகம் அப்போதும் உறைந்துதான் நின்றது. நிறுவனத்தைக் கேட்டால் ‘உங்கள் பேக்கில் எந்தக் குறையும் இல்லை’ என்றார்கள். உண்மையில் பேக்கில் குறை இல்லைதான். இரவு பத்தரைக்கு மேல் அழைத்துப் பார்த்தேன், படம் தெளிவாக வந்தது. நெரிசல்தான் காரணம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் வயதானவரைப் பத்தரை மணிவரை விழித்திருக்கச் சொல்ல முடியுமா?

வேக வரம்பை உயர்த்தும் பேக் வேறு, நெரிசலில் முன்னுரிமை தரும் பேக் வேறு. முதலாவது நெரிசலுக்கு மருந்து கிடையாது. நெரிசலைத் தீர்ப்பது நிறுவனத்தின் வேலை: கூடுதல் அலைவரிசை, கூடுதல் டவர், டவருக்குப் பின்னால் தடித்த ஃபைபர். வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுத்து வாங்கித் தீர்க்கும் விஷயம் இது அல்ல.

டேட்டா தீர்ந்த பிறகு ‘64 கேபிபிஎஸ் வேகத்தில் வரம்பில்லை’ என்கிறார்கள். அதனால் ஏதாவது பயன் உண்டா?

காகிதத்தில் நிறைய உண்டு. 64 கிலோபிட் வேகத்தை முப்பது நாளும் இராப்பகலாக ஓடவிட்டால் 20 ஜிபிக்கு மேல் வரும். நடைமுறையில் யாரும் அப்படி ஓடவிட முடியாது. இன்றைய ஒரு சராசரி இணையப் பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதை 64 கிலோபிட்டில் இறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பல ஆப்கள் பொறுமையிழந்து பிழைச் செய்தி காட்டிவிடும். எழுத்துச் செய்தி போகும். குரல் அழைப்பு தட்டுத்தடுமாறி நடக்கலாம்.

அதே வரம்பை 512 கிலோபிட்டாக வைத்தால் கதை மாறிவிடும். அந்தப் பக்கம் அரை நிமிடத்தில் வரும், குரல் அழைப்பு தெளிவாக இருக்கும், குறைந்த தரத்தில் வீடியோகூட ஓடும். 1 மெகாபிட் கொடுத்தால் 360பி பாடம் தடையில்லாமல் போகும். நிறுவனங்களிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கலாம் என்று யாராவது வாய்ப்புக் கொடுத்தால் நான் கேட்பது இதைத்தான்: உச்ச வேகத்தைக் கூட்ட வேண்டாம், டேட்டா தீர்ந்த பிறகு கிடைக்கும் அடித்தள வேகத்தைக் கூட்டுங்கள். மாதக் கடைசியில் பணம் இல்லாதவர் அந்தத் தளத்தில்தான் நிற்கிறார்.

‘கட்டுப்படியாகும் விலை’ என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. 2011-ல் அது வகுத்த இலக்கு, அடிப்படை இணையச் சேவையின் விலை மாத வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. 2018-ல் அதை 2 சதவீதத்துக்கு இறக்கி, 2025-க்குள் எட்ட வேண்டும் என்றது. ‘2 சதவீதத்துக்குள் 1 ஜிபி’ என்ற முழக்கத்தை முன்வைத்துப் போராடியது, மலிவான இணையத்துக்காக அமைந்த ஏ4ஏஐ என்ற உலகக் கூட்டணி.

நல்ல அளவுகோல்தான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அந்த 2 சதவீதம் நாட்டின் சராசரி வருமானத்தில் கணக்கிடப்படுகிறது. சராசரியில் பாதி சம்பாதிப்பவருக்கு அது 4 சதவீதம். கால் பங்கு சம்பாதிப்பவருக்கு 8. வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக ரீசார்ஜ் செய்தால் 24. தாள்களில் இலக்கை எட்டிவிட்ட நாட்டிலும் ஒரு குடும்பம் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பது இதனால்தான். அந்த ஒரு போன் பெரும்பாலும் யார் கையில் இருக்கும் என்பதும் தெரிந்ததே. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முறை கடைசியில் வரும்.

இரண்டாவது ஓட்டை, அந்த 1 ஜிபி. மாதம் முழுவதற்கும் 1 ஜிபி என்பது ஒரு நாளைக்கு 33 மெகாபைட். ஒரு வீடியோ பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்கு அது போதும். இந்தக் குறை உணரப்பட்டதால்தான் 2020-ல் ஏ4ஏஐ ‘பொருளுள்ள இணைப்பு’ என்ற வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தது. அதில் நான்கு நிபந்தனைகள்: 4ஜி தரத்தில் வேகம், கையில் ஸ்மார்ட்போன், வீட்டிலோ வேலையிடத்திலோ படிக்குமிடத்திலோ அளவுக் கட்டுப்பாடில்லாத ஒரு இணைப்பு, தினமும் பயன்படுத்தும் வாய்ப்பு. டேட்டாவின் அளவையும் வேகத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒரே வரையறைக்குள் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரு நாள், ஒரு வாரம் என்று சின்னச் சின்ன பேக்குகள் ஏழைகளுக்கு உதவுகின்றனவா?

உதவுகின்றன, விலையும் வாங்குகின்றன. தினக்கூலிக்கு வேலை செய்பவரால் மாதத் தொகையை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. கையில் காசு இருக்கும் நாளில் ஒரு நாள் பேக் போட்டுக்கொள்வது அவருக்கு வசதி. ஆனால் ஜிபி ஒன்றுக்கு என்று கணக்குப் பார்த்தால் சின்ன பேக்கில்தான் பொதுவாக விலை அதிகம். குறைவாகச் சம்பாதிப்பவர் ஒவ்வொரு ஜிபிக்கும் அதிகம் கொடுக்கிறார்.

அதோடு வேலிடிட்டி வேறு. மிச்சமிருக்கும் டேட்டா நள்ளிரவில் மறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஏன் காலாவதியாக வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்ல விடும் பேக் கிடைத்தால், வேகம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

டவர் இருக்கும் இடங்களிலும் பலர் ஏன் நெட் பயன்படுத்துவதில்லை?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகத்தில் 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தார்கள், 260 கோடிப் பேர் வெளியே. வெளியே இருப்பவர்கள் எல்லாம் சிக்னல் எட்டாத மலைக்காடுகளில் இருக்கிறார்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மொபைல் இணையச் சிக்னலே எட்டாதவர்கள் 35 கோடி, அதாவது உலக மக்கள்தொகையில் 4 சதவீதம். சிக்னல் இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் 310 கோடி (இது மொபைல் இணையத்தை மட்டும் பார்க்கும் கணக்கு, அதனால் 260 கோடியோடு ஒத்துப்போகாது). ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

இவர்களைத் தடுப்பது எது என்று அதே அறிக்கை தேடிப் பார்த்தபோது முதலில் வந்தவை இரண்டு: போனின் விலை, எழுத்தறிவும் டிஜிட்டல் பழக்கமும் போதாமை. டேட்டா விலையும் தடைகளில் ஒன்றுதான். ஆனால் டேட்டாவை எவ்வளவு மலிவாக்கினாலும், அதை வாங்கிப் போட ஒரு ஸ்மார்ட்போன் வேண்டுமே! அந்த முதல் செலவு பலருக்கு மாதக்கணக்கான வருமானம். தவணையில் போன், நம்பகமான பழைய போன், போனின் மீது போடும் வரியைக் குறைப்பது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. 5ஜி பற்றிப் பேசும் கூட்டங்களில் இவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகளின் கணக்கு இன்னும் வலிக்கும். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்த சமயத்தில் யுனிசெஃப்பும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து எடுத்த கணக்கில், 3 முதல் 17 வயதுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, 130 கோடிப் பிள்ளைகளுக்கு, வீட்டில் இணையம் இல்லை.

5ஜி வந்தால் டேட்டா விலை ஏறுமா, இறங்குமா?

மலிவுக்கும் வேகத்துக்கும் இடையில் இருப்பதாகச் சொல்லப்படும் பகை இந்த இடத்தில்தான் கொஞ்சம் உடைகிறது. புதிய தலைமுறைத் தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் அதே அலைவரிசையில் கூடுதல் டேட்டாவை ஏற்றிச் செல்கிறது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் முதல் 4ஜி சேவை தொடங்கியது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு அலைத்தடத்தின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ஜியில் நடுத்தர அலைவரிசைகளில் 100 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே தடமாகப் பயன்படுத்தலாம். டவரில் 64 ஆன்டெனாக் கூறுகளை வைத்து, சிக்னலை ஒவ்வொரு பயனரை நோக்கியும் குவித்து அனுப்பலாம். கூட்டம் உள்ள இடத்தில் ஒரு ஜிபியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு இதனால் குறைகிறது. பழைய நெட்வொர்க்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் டேட்டா மலிவாகாது.

ஆனால் அந்தச் சேமிப்பு வாடிக்கையாளர் கைக்கு வந்துசேருமா என்பது வேறு விஷயம். அலைவரிசை ஏலத்தில் கொட்டிய பணம், புதுக் கருவிகளின் விலை, சந்தையில் எத்தனை நிறுவனங்கள் போட்டி போடுகின்றன என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இரண்டே நிறுவனங்கள் இருக்கும் சந்தையில் செலவு குறைந்தாலும் விலை குறைய அவசரம் இல்லை.

கூட்டம் இல்லாத இடத்துக்குக் கணக்கு வேறு. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கொள்ளளவு அதிகம், எட்டும் தூரம் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும், ஆனால் கொள்ளளவு குறைவு. பரந்து கிடக்கும் சிறு ஊர்களுக்கு அந்தத் தாழ்ந்த அலைவரிசையில் ஒழுங்காக ஓடும் 4ஜிதான் முதலில் தேவை. ‘வினாடிக்கு 20 கிகாபிட்’ என்று 5ஜிக்கான தர இலக்கணத்தில் எழுதியிருக்கும் உச்ச வேகம் ஆய்வகத்துக்கான எண். அதே இலக்கணம், நெருக்கமான நகரப் பகுதியில் ஒரு பயனருக்குக் கிடைக்க வேண்டியதாக வைத்திருப்பது 100 மெகாபிட்.

பழைய 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்துவது சரியா?

அந்த அலைவரிசையைப் புதியதற்குத் திருப்பினால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பழைய போன் வைத்திருப்பவருக்கு அது ஒரே நாளில் செங்கல்லாகிவிடும். அமெரிக்காவில் 2022-ல் பெரிய நிறுவனங்கள் மூன்றும் 3ஜியை நிறுத்தின. மாற்றுப் போனுக்கு உதவி கொடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

குறிப்பிட்ட சில ஆப்களுக்கு மட்டும் டேட்டா இலவசம் என்கிறார்களே, நல்லதுதானே?

வெளியே நிற்பவருக்கு ஒரு ஜன்னலாவது திறக்கிறதே என்று தோன்றும். விக்கிப்பீடியாவை டேட்டாச் செலவின்றிப் படிக்க 2012-ல் தொடங்கி 2018 வரை நடந்த திட்டத்தின் நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த ஆப் இலவசம் என்பதை நிறுவனம் முடிவு செய்யும்போது, அந்தப் பட்டியலில் இல்லாத சிறிய சேவைகள் நசுங்கிவிடும். பயனருக்கும் இணையம் என்பது நாலைந்து ஆப்களாகச் சுருங்கிவிடும். சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்ட ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் பெரிய விவாதத்தைக் கிளப்பியதும், இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் இப்படிப் பாகுபடுத்தும் டேட்டாக் கட்டணங்களைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2021-ல் இத்தகைய கட்டணங்கள் திறந்த இணைய விதிகளுக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது.

இலவசமாகக் கொடுக்க மனம் இருந்தால், மாதம் இவ்வளவு எம்பி என்று கொடுங்கள். எதற்குப் பயன்படுத்துவது என்பதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் உயர்வேகம் யாருக்குத்தான் உண்மையிலேயே தேவை?

மொபைல் இணைப்பையே வீட்டு இணைப்பாக வைத்து, நாலைந்து கருவிகளை அதில் ஓட்டுகிறவர்களுக்கு. பெரிய வீடியோக் கோப்புகளை அனுப்பிப் பிழைக்கும் ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர் போன்றவர்களுக்கு. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தூரத்து மருத்துவருக்கு அனுப்பும் சிறு மருத்துவமனைகளுக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் பலருக்கு வேண்டியது ஏற்றும் வேகம், அதாவது அப்லோடு. விளம்பரத்தில் வருவது இறக்கும் வேகம். 5ஜி நெட்வொர்க்குகளில் நேரத்தைப் பங்கிடும்போது பெரும்பகுதி இறக்குவதற்கே ஒதுக்கப்படுகிறது, ஏனென்றால் பெரும்பாலானோர் பார்ப்பவர்கள். அனுப்புகிறவராக இருந்தால் பேக் வாங்குமுன் அப்லோடு எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

இருக்கிற டேட்டாவை நீட்டிக்க என்ன செய்யலாம்?

வீடியோ ஆப்பின் அமைப்பில் மொபைல் டேட்டாவுக்கு 480பி என்று பூட்டிவிடுங்கள். மிச்சம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது. அதன்பிறகு வீடியோக்கள் தானாக ஓடுவதை நிறுத்துவது, ஆப் புதுப்பிப்புகளை வைஃபைக்கு ஒதுக்குவது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பது.

புதுப் போன் வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வீடியோவைச் சுருக்கும் முறைகளும் முன்னேறிக்கொண்டே வருகின்றன. 2003-ல் வந்த எச்.264 முறையோடு ஒப்பிட்டால், 2013-ல் வந்த எச்இவிசி ஏறக்குறைய பாதி டேட்டாவில் அதே தரத்தைத் தரும். 2018-ல் வந்த ஏவி1 அதையும் தாண்டும். போனின் சிப் ஏவி1-ஐ நேரடியாகக் கையாளுமானால், பேட்டரியை வாட்டாமல் அந்தச் சேமிப்பு கிடைக்கும். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு இதையும் கேட்டுவிடுங்கள்.

பேக் தேர்ந்தெடுக்கும்போது எதை விசாரிக்க வேண்டும்?

முதலில் பேக்கை விட்டுவிட்டு இடத்தை விசாரியுங்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அறையில், இரவு எட்டு மணிக்கு, எந்த நெட்வொர்க்கில் வீடியோ அழைப்பு அறுபடாமல் போகிறது? அதே நெட்வொர்க் வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ வீட்டுக்கு வரும்போது அவர் போனில் பேசிப் பாருங்கள். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

அப்புறம் விலை. தொகையை மொத்த ஜிபியால் வகுப்பதோடு, வேலிடிட்டி நாட்களாலும் வகுத்துப் பாருங்கள். சில நிறுவனங்களில் ‘மாதம்’ என்பது 28 நாள்தான்; அப்படியானால் வருஷத்துக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ். மிச்சம் அடுத்த சுற்றுக்கு வருமா, தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும், ஹாட்ஸ்பாட் போட அனுமதி உண்டா என்று கேளுங்கள். கடைசியாக உங்கள் போனிலேயே டேட்டாப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, சென்ற மாதம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு ரீசார்ஜ் செய்யுங்கள்.